எப்.சி.க்கு ஒரு முகம், ரோட்டுக்கு ஒரு முகம்: ஒரகடம் ஷிப்ட் வண்டிகளில் ஏறும் தொழிலாளர்களே, உஷார்!

ஸ்ரீபெரும்புதூர்:

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை. இந்த ஊர்களில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோட்டோரம் பத்து நிமிடம் நின்றால் போதும். பெரிய கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அதற்கு நடுவே வேன், ஷேர் ஆட்டோ, குட்டி யானை என்று ஆட்களை அடைத்துக்கொண்டு வண்டிகள் பறக்கும்.

இதில் சில வண்டிகளை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டு சீட்டுக்கு நடுவே பலகை. பின்னால் அவசர வழியை மறித்து ஒரு பெஞ்ச். தாங்கும் சக்தியைக் கூட்ட அடியில் கூடுதல் பட்டை. முன்னால் இரும்புக் கம்பி பம்பர், கண்ணைப் பறிக்கும் எக்ஸ்ட்ரா லைட், காதைப் பிளக்கும் ஏர் ஹாரன்.

மடக்கிக் கேட்டால், "எப்.சி. இருக்கு சார், பேப்பர் எல்லாம் பக்கா" என்பதுதான் பதில். பேப்பரும் நிஜம்தான். அப்படியானால் இந்த வண்டி எப்படி எப்.சி. வாங்கியது?

ஒரு நாள் கூத்து

வாடகை வண்டி, சரக்கு வண்டிகளுக்கு தகுதிச் சான்று கட்டாயம். புது வண்டி என்றால் முதல் 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் பழைய வண்டி என்றால் வருடா வருடம்.

எப்.சி. தேதி நெருங்கும்போது வண்டி பட்டறைக்குப் போகும். டிங்கரிங், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர் என்று வேலை நடக்கும். கூடவே பலகை இறங்கும், ஏர் ஹாரன் கழறும், எக்ஸ்ட்ரா லைட் மறையும். தேய்ந்த டயர் இருந்த இடத்தில் அன்றைக்கு மட்டும் நல்ல டயர் ஏறுவதும் உண்டு.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்பது மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் வண்டி. பிரேக், ஸ்டியரிங், லைட், புகை, அவசர வழி எல்லாம் பார்த்து கையெழுத்து போடுகிறார்கள். மறுநாள் கழற்றியது எல்லாம் பழையபடி ஏறிக்கொள்ளும். மீதி 364 நாள் ரோட்டில் ஓடுவது இந்த வண்டிதான்.

ஆக, எப்.சி. என்பது அந்த ஒரு நாளைக்குச் சொன்ன நல்ல வார்த்தை. வருடம் முழுக்க உத்தரவாதம் என்று நாம் நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மறக்க முடியாத முடிச்சூர்

இது சும்மா பயமுறுத்தும் கதை அல்ல. ஒரகடத்தில் இருந்து படப்பை வழியாகப் போனால் வரும் முடிச்சூரில் 2012-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளி பஸ்சின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து, சக்கரத்தில் சிக்கி 2-ம் வகுப்பு படித்த சிறுமி பலியானாள். கொதித்துப்போன மக்கள் பஸ்சை கொளுத்தினார்கள்.

விசாரணையில் வெளியே வந்த செய்திதான் எல்லோரையும் உலுக்கியது. அந்த பஸ்சுக்கு சில வாரங்களுக்கு முன்புதான் எப்.சி. கொடுக்கப்பட்டிருந்தது. சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் பிறகு 2012-லேயே பள்ளி வாகனங்களுக்கு என்று தனி விதிகளை தமிழக அரசு கொண்டு வந்தது. கோடை விடுமுறையில் பள்ளி பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்களே, அதற்குப் பின்னால் அந்தக் குழந்தையின் உயிர் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு தனி விதி வந்துவிட்டது. ஷிப்டுக்குப் போகும் அவர்களின் அப்பா அம்மாவுக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. தயாரிப்பு கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. அனுமதி பெற்ற கேஸ் கிட் மாட்டுவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைப்பது போன்றவற்றுக்கு மட்டும் முறைப்படி வழி உண்டு.

கேரளாவில் இருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கண்ணூரில் யூடியூப் புகழ் பெற்ற இரண்டு பேரின் மாற்றி அமைக்கப்பட்ட வேனை 2021 ஆகஸ்டில் அதிகாரிகள் பிடித்தபோது கேரளாவே பரபரப்பானது ஞாபகம் இருக்கலாம்.

முன்னால் மாட்டும் கம்பி பம்பருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கம்பி தடுப்பதால் மோதலின் அதிர்ச்சி சென்சாருக்கு சரியாகப் போகாமல், ஏர் பேக் விரியாமல் போகலாம். அழகுக்கு மாட்டியது உயிருக்கு எமன்!

மற்ற மாற்றங்களும் அப்படித்தான். பட்டை கூட்டினால் லோடு ஏறும், ஆனால் பிரேக் அதே பழைய பிரேக்தான். கூடுதல் வாட் பல்பு போட்டால் ஒயர் சூடாகி உருகும், தீப்பிடிக்கும். கூரை மேல் கேரியரில் சுமை ஏற்றினால் வளைவில் வண்டி சாயும்.

வேடிக்கை என்னவென்றால், புது மாடல் வண்டியை பிரேக், புகை, மோதல் என்று விதவிதமாக சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையம் நம்ம ஒரகடத்தில்தான் இருக்கிறது. அங்கே கணக்குப் போட்டு பாஸ் செய்யும் வண்டியை, வெளியே பட்டறையில் ஒரே மதியத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

பணம் போனால் யார் தருவார்?

தொழிலாளர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்சூரன்ஸ் விஷயம்தான்.

42 பேருக்கு இன்சூரன்ஸ் செய்த பஸ்சில் 90 பேர் போய் விபத்தில் சிக்கிய வழக்கில் 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனி 42 பேர் கணக்குக்குத்தான் பொறுப்பு. அந்தப் பணத்தை பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை வண்டி உரிமையாளரிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதாவது, 12 பேர் வேனில் பலகை போட்டு 20 பேர் போனால், 12 பேருக்கு உரிய பணத்தில் 20 குடும்பம் பங்கு போடும் நிலை வரலாம். பலகையில் உட்கார்ந்தவருக்கு மட்டும் அல்ல, ஒழுங்கான சீட்டில் உட்கார்ந்தவர் வீட்டுக்கும் நஷ்டம்தான். ஒரு வண்டிக்கு இ.எம்.ஐ. கட்டவே திணறும் உரிமையாளரிடம் போய் லட்சக்கணக்கில் எப்படி வாங்குவது?

சரக்கு வண்டியில் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். சும்மா ஏறிப் போகும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு அல்ல என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. குட்டி யானையில் பின்னால் நின்றுகொண்டு போகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

டிரைவர் மட்டும் குற்றவாளியா?

வேன் வைத்திருப்பவர் மேல் மொத்தப் பழியையும் போடவும் முடியாது. டீசல், டயர், இ.எம்.ஐ., எப்.சி. செலவு என்று எல்லாம் ஏறுகிறது. டிரிப்புக்கு கிடைக்கும் காசு அதே வேகத்தில் ஏறுவது இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பலகை வருகிறது. குறைந்த ரேட்டுக்கு வண்டி கேட்கும் காண்டிராக்டரும், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்காத கேட்டும் இதில் பங்காளிகள்தான்.

எப்.சி. சோதனையை மிஷின் மூலம் செய்யும் தானியங்கி நிலையங்களுக்கு மத்திய அரசு 2021-ல் விதி கொண்டு வந்தது. கையூட்டு, கண் மூடல் குறையும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மிஷினும் அன்றைக்கு வந்து நிற்கும் வண்டியைத்தான் அளக்கும். மறுநாள் ஏறும் பலகையை அது எப்படிப் பார்க்கும்?

சொந்தக் கார்களுக்கு இந்த ஒரு நாள் பயம்கூட கிடையாது. பதிவு செய்து 15 வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போதுதான் அடுத்த சோதனை. அதுவரை சைலன்சரை மாற்றினாலும் பம்பரை மாற்றினாலும் ரோட்டில் பிடித்தால்தான் உண்டு.

எனவே சோதனை நடக்க வேண்டிய இடம் ரோடுதான். ஷிப்ட் மாறும் நேரத்தில், கம்பெனி கேட் பக்கத்தில், மாதத்துக்கு ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஆர்.டி.ஓ. அதிகாரிகளும் போலீசாரும் நின்றாலே பாதி பலகை தானாக இறங்கிவிடும். காண்டிராக்ட் வண்டியின் ஆர்.சி. சீட் கணக்கை கேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க கம்பெனிகளுக்கு பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதுவரை நம்ம கையில் இருப்பது செல்போன். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எப்.சி.யும் இன்சூரன்சும் எந்தத் தேதி வரை என்று காட்டும். அதைப் பார்த்த கையோடு உள்ளே சீட்டையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அவசர வழி திறக்குமா என்று பாருங்கள். பலகை இருந்தால், நாலு பேர் சேர்ந்து "அடுத்த வண்டியில வரோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தர் சொன்னால் டிரைவர் கிளம்பிப் போய்விடுவார். நாலு பேர் சொன்னால் நிச்சயம் யோசிப்பார்.