நம்ம ஊர்ப் புத்தகம், அவங்க ஊர்ப் பூட்டு

கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு நடத்துகிறோம். போன மாதம், கல்லூரியில் படிக்கும் புலையர் சமூகத்துத் தம்பி ஒருவர் பாறை மேல் ஏறி சிக்னல் பிடித்து, பழனி மலை மக்களைப் பற்றி 1900களில் வந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் தேடினார். வெளிநாட்டு நூலகம் ஒன்றின் தளத்தில் இருந்தது. முழுசாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஆனால், இந்தியாவிலிருந்து பார்க்க அனுமதியில்லை என்று வந்தது.

"அக்கா, நம்ம ஊரப் பத்தி எழுதுனத நமக்கே காட்ட மாட்டாங்களா?"

அவர் பொழுதுபோக்குக்குத் தேடவில்லை. மலைப் புலையர்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் ஆதாரம் எங்கே என்கிறார்கள். 1868இல் வந்த நெல்சனின் மதுரைக் கையேடு இந்த மலையில் புலையர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்ததை எழுதியிருக்கிறது. நம்மைப் பற்றிய இப்படியான பதிவுகள் எல்லாம் அடுத்தவர் எழுதியவை, அடுத்தவர் அலமாரியில் இருப்பவை.

பூட்டு எப்படி விழுகிறது? இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை. (1992 வரை 50தான். தாகூரின் உரிமை 1991 முடிவில் தீர இருந்ததால் கூட்டினார்கள்.) பிரிட்டனிலும் இலங்கையிலும் 70. அமெரிக்காவில் பழைய புத்தகங்களுக்கு அச்சான ஆண்டிலிருந்து 95. அங்கே அச்சான ஆண்டு தெரிந்தால் போதும். இங்கே ஆசிரியர் இறந்த ஆண்டு தெரிய வேண்டும். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி எப்போது செத்தார் என்று எந்த நூலகம் தேடும்? தெரியாவிட்டால் நமக்கு மூடிவிடுகிறார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தை வெளியிட்டார். 1945இல் மறைந்தார். இங்கே 2006 முதல் அந்த நூல் பொதுச்சொத்து. அமெரிக்கக் கணக்கில் 2034 முடியும்வரை பூட்டு! அம்பேத்கர் 1936இல் அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' இங்கே 2017 முதல் எல்லோருக்கும் சொந்தம். அங்கே 2031 முடிய வேண்டும். சர்வர் அங்கே இருந்தால் சட்டமும் அங்கே உள்ளதுதான்.

அமெரிக்காவுக்குத் தமிழ்ப் புத்தகம் எப்படிப் போனது என்பது தனிக்கதை. பி.எல். 480 கோதுமைக்கு நாம் ரூபாயில் கட்டிய பணத்தில், 1962 முதல் வாங்கி அனுப்பினார்கள். அந்த நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களைத்தான் 2004இலிருந்து கூகுள் ஸ்கேன் செய்தது. வழக்கு வந்து, 2009இல் திருத்திய சமரச ஒப்பந்தம், அமெரிக்காவில் பதிவான நூல்களோடும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் வெளியான நூல்களோடும் நின்றுகொண்டது. 2011இல் நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நமக்கு நாற்காலியே போடவில்லை.

'எல்லாவற்றையும் பிடிஎப் ஆக்கி ஏற்றிவிடலாம், சட்டமாவது மண்ணாவது' என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று எழுதும் தலித் எழுத்தாளருக்கும், கடன் வாங்கி அச்சடிக்கும் சிறு பதிப்பகத்துக்கும் வருவதே கொஞ்சம். அதிலும் கைவைக்கக் கூடாது. நாம் சண்டை போட வேண்டியது ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் இடத்தில்.

நல்ல முன்மாதிரி இருக்கிறது. ரோஜா முத்தையாவின் சேகரிப்பை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோது, மூலம் தமிழ்நாட்டிலேயே இருந்தது, மைக்ரோபிலிம் எடுத்தார்கள். நாளைக்கு நம் பகுதியில் எந்த ஆவணக் காப்பகமும், செண்பகனூர் சேசு சபைக் காப்பகம் உட்பட, வெளிநாட்டோடு டிஜிட்டல் ஒப்பந்தம் போட்டால் மூன்றைக் கேட்போம். ஒரு முழுப் பிரதி தமிழ்நாட்டு சர்வரில் இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி உரிமை தீர்ந்த அன்றே இங்கே திறக்க வேண்டும். ஆசிரியர் இறந்த ஆண்டைத் தேடும் பொறுப்பு ஸ்கேன் செய்பவருடையது என்று எழுத வேண்டும்.

அந்தத் தம்பி அடுத்த வாரம் கன்னிமாராவில் தேடிப்பார்க்கச் சென்னைக்கு பஸ் ஏறுகிறார். இரண்டு நாள் கூலி போகும். வகுப்பு உண்டியலிலிருந்து டிக்கெட்டுக்குக் கொடுத்திருக்கிறோம்.