நவம்பர் 1ஐத் தமிழ்நாடு திரும்பப் பெற வேண்டும்

ஜூலை 18 நெருங்கினால் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போகிறது. தமிழ்நாடு நாளையொட்டி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசு, சான்றிதழ். மூன்றரை மாதம் கழித்து நவம்பர் 1 வருகிறது. கேரளமும் கர்நாடகமும் மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் ஹரியாணாவும் தத்தம் மாநிலம் பிறந்த நாளைக் கொண்டாடுகின்றன. சென்னையிலோ எது உண்மையான தமிழ்நாடு நாள் என்ற அறிக்கைப் போர் நடக்கிறது. மறுநாள் அதுவும் ஓய்ந்துவிடுகிறது. இந்தக் குழப்பத்தை மக்கள் உருவாக்கவில்லை. அரசுகள் உருவாக்கின.

2019இல் அதிமுக அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. 2021 அக்டோபர் இறுதியில் திமுக அரசு அதை ஜூலை 18க்கு மாற்றுவதாக அறிவித்தது. நவம்பர் 1 எல்லைப் போராட்டத்தை நினைவுகூரும் நாளாகத்தான் அமையும், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டத் தீர்மானம் நிறைவேறிய நாளே பொருத்தமானது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் காரணம், நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் நிற்பதில்லை.

1967 ஜூலை 18 பெருமைக்குரிய நாள் என்பதில் ஐயமில்லை. ஆட்சிக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் முதலமைச்சர் அண்ணா பெயர் மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பேரவைத் தலைவர் இருக்கையில் சி.பா. ஆதித்தனார் இருந்தார். வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ. சிவஞானம் அந்த அவையில் ஓர் உறுப்பினர். எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது. ஆனால், அன்றும் மறுநாளும் மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம்தான். நாடாளுமன்றம் 1968இல் பெயர் மாற்றச் சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் திருநாளில். பெயர்தான் அளவுகோல் என்றால், பெயர் சட்டமாகி உயிர் பெற்ற அந்தப் பொங்கல் நாளை அல்லவா அரசு தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? தீர்மானம் நிறைவேறிய நாளைப் பிடித்துக்கொண்டு, தீர்மானம் பலித்த நாளையும் நிலம் கையில் வந்த நாளையும் ஒருசேரக் கைவிட்டது, பத்திரம் பதிவான தேதியை மறந்துவிட்டுப் பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுத்த தேதியில் வீட்டுக்கு விழா எடுப்பதைப் போன்றது.

நிலம் கையில் வந்த நாள் 1956 நவம்பர் 1. மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளும் உருவான நாள் அது. சென்னை மாநிலத்திலிருந்து மலபார் மாவட்டமும் காசர்கோடு தாலுகாவும் கேரளத்துக்குப் போயின. தென் கன்னடத்தின் மற்ற பகுதிகளும் கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகாவும் மைசூருக்குப் போயின. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. இன்று பள்ளிப் பிள்ளைகள் வரையும் தமிழ்நாட்டு வரைபடத்தின் தென்முனை அன்றுதான் சேர்ந்தது.

இந்த விவாதத்துக்கு உரைகல் கர்நாடகம். தமிழ்நாட்டுக்கு இருந்த அதே சிக்கல் அதற்கும் இருந்தது. மைசூர் சமஸ்தானம், பம்பாய் மாநிலத்தின் பெல்காம், தார்வார், பிஜாப்பூர், வட கன்னட மாவட்டங்கள், ஹைதராபாத் மாநிலத்தின் குல்பர்கா, ராய்ச்சூர், பீதர், சென்னை மாநிலத்தின் தென் கன்னடம், குடகு என ஐந்து ஆட்சிகளின் கீழ் சிதறிக் கிடந்த கன்னட நிலம் 1956 நவம்பர் 1 அன்று ஒன்றாகியது. ஆனால், அந்த மாநிலத்துக்குக் கிடைத்த பெயர் மைசூர். பெயர் பழைய மைசூர்க்காரர்களுக்குப் பிடித்தது. வட பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு மன்னராட்சியின் நிழலாகப் பட்டது. கர்நாடகம் என்ற பெயருக்காக அவர்கள் 17 ஆண்டுகள் காத்திருந்தார்கள். தமிழ்நாட்டின் காத்திருப்பு 12 ஆண்டுகளும் சில வாரங்களும்.

அந்தப் பதினேழு ஆண்டுகளின் முடிவில் கர்நாடகம் செய்த ஒரு காரியத்தைத் தமிழ்நாட்டு அமைச்சர்களும் அதிகாரிகளும் ஊன்றிப் படிக்க வேண்டும். 1972இல் அங்கே சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மான நாளை அவர்கள் மாநில நாளாக்கவில்லை. நாடாளுமன்றத்தின் சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியாக 1973 நவம்பர் 1 அமைந்தது. முதலமைச்சர் தேவராஜ் அர்ஸ் காலத்தில், மாநிலம் பிறந்த அதே நாளில், மாநிலத்தின் பெயரும் பிறந்தது. நிலமா பெயரா என்ற சண்டைக்கு அங்கே இடமே இல்லாமல் போனது. காங்கிரஸ் ஆண்டது, ஜனதா ஆண்டது, பாஜக ஆண்டது. எந்த ஆட்சியும் கன்னட ராஜ்யோத்சவத்தின் தேதியில் கை வைக்கவில்லை. நவம்பர் பிறந்தால் சிவப்பும் மஞ்சளுமான கொடி ஆட்டோக்களில் பறக்கிறது. ராஜ்யோத்சவ விருதுப் பட்டியலை நாளேடுகள் முதல் பக்கத்தில் போடுகின்றன. குடியிருப்புச் சங்கங்களும் மென்பொருள் நிறுவனங்களும் மாதம் முழுக்க விழா நடத்துகின்றன. விதான சௌதாவில் யார் உட்கார்ந்தாலும் நவம்பர் 1 கன்னடர்களின் நாள்.

அந்த நாளில் கர்நாடகத்துக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. பெலகாவியில், அந்தப் பகுதியை மகாராஷ்டிரத்துடன் இணைக்கக் கோரும் மகாராஷ்டிர ஏகீகரண் சமிதி அதே நவம்பர் 1ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. மகாஜன் ஆணையத்தின் அறிக்கை வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த எல்லைத் தகராறு தீரவில்லை. தகராறு இருக்கிறது என்பதற்காக ராஜ்யோத்சவத்தை வேறு தேதிக்கு மாற்ற பெங்களூரு நினைக்கவில்லை. தகராறு இருப்பதாலேயே அந்த நாளை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கர்நாடகம் தூரம் என்று நினைப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போய் வரலாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நிர்வாகம் கைமாறியது அதே ஆண்டு நவம்பர் 1. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. தீர்மானம், நிலம், சட்டம் என்று மூன்று தேதிகள் அவர்கள் முன்னாலும் இருந்தன. விடுதலை நாளாகப் புதுச்சேரி கொண்டாடுவது நவம்பர் 1. ஆகஸ்ட் 16ஐயும் அது மறக்கவில்லை. அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறது. இன்னொரு செய்தியும் உண்டு. புதுச்சேரியைப் பிரான்ஸ் அமைதியாக ஒப்படைத்த அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி ஆயுதக் கிளர்ச்சியைத் தொடங்கியது. அங்கே அந்தப் போர் ஓய 1962 வரை ஆனது. ஒரே பேரரசு ஒரே தேதியில் இரண்டு கண்டங்களில் ஆட்டம் கண்டதை அந்த ஒரு நாளை வைத்தே ஒரு வரலாற்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்துவிட முடியும்.

நாட்காட்டி அதோடு நிற்கவில்லை. 1858 நவம்பர் 1 அன்று அலகாபாதில் கானிங் பிரபு விக்டோரியா அரசியின் பிரகடனத்தை வாசித்தார். கம்பெனி ஆட்சி முடிந்து நேரடி முடியாட்சி தொடங்கியது. கம்பெனிக்காரர்கள் போரிலும் பேரத்திலும் பிடித்த இடங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய சென்னை மாகாணம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் கலந்தபடியே முடியின் கைக்குப் போனது. சரியாக 98 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், அந்தப் பழைய வரைபடத்தின் மிச்சம் கலைந்து மொழிக்கொரு மாநிலம் என்ற வரைபடம் வந்தது. தேதி ஒத்துப்போனது தற்செயல். அந்த மாற்றத்தின் அளவு தற்செயல் அல்ல. இவ்வளவையும் சுமக்கும் ஒரு நாளை விட்டுவிட்டு, ஒரு தீர்மானத்தை மட்டும் சுமக்கும் நாளைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது கல்வி ஆகாது.

நவம்பர் 1 பிரிவினை நாள், மற்றவர்கள் விலகிப் போன பிறகு மிஞ்சியதுதான் தமிழ்நாடு, அதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். கேரளத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் இழந்துதான் கேரளம் பிறந்தது. பிறந்த அன்று அதற்கு ஒரு முதலமைச்சர்கூடக் கிடையாது. குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் பதவியேற்றது 1957 ஏப்ரலில்தான். இருந்தும் கேரளப் பிறவி நாளன்று பள்ளிக்கூடம் முதல் தலைமைச் செயலகம் வரை கசவுக் கரை போட்ட முண்டும் சேலையும்தான். மாநிலத்தின் பெயரைக் கேரளம் என்று மாற்றக் கோரி 2023 ஆகஸ்டிலும் 2024 ஜூனிலும் அங்கே சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கேரளப் பிறவி நவம்பர் 1ஐ விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

தமிழ்நாட்டின் தவறு கட்சி நலத்திலிருந்து பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று ஆட்சியில் இருந்தது காமராசரின் காங்கிரஸ். தெற்கெல்லையில் போராடியது நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். வடக்கெல்லையில் போராடியது ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம். மாநிலத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளுக்கும் அந்த நாளின் புகழில் பெரிய பங்கு கிடையாது. அதனால்தான் ஒரு கட்சிக்கு அந்த நாள் நினைவுக்கு வரவே 2019 ஆக வேண்டியிருந்தது. இன்னொரு கட்சி, ஆட்சிக்கு வந்த ஆறு மாதத்தில் அதை ஓரங்கட்டித் தன் நிறுவனத் தலைவரின் பெயர் ஒளிரும் நாளை முன்னால் வைத்தது. மக்களின் நாளைக் கட்சியின் நாளாக்கும் உரிமையை எந்தத் தேர்தல் வெற்றியும் தருவதில்லை.

பெயருக்காக உயிர் கொடுத்தவரும் 1956க்கு உரியவர்தான். விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பைத் தொடங்கியது அந்த ஆண்டு ஜூலை 27. அவருடைய கோரிக்கைகளில் தமிழ்நாடு என்ற பெயர் முக்கியமானது. அவர் உயிர் பிரிந்தது அக்டோபர் 13. புதிய மாநிலம் பிறக்க அப்போது மிஞ்சியிருந்தவை 19 நாள்கள். அவருடைய சாவை நவம்பர் 1இலிருந்து பிரித்தெடுத்து ஜூலை 18இன் பின்னணியாக மட்டும் சொல்வது அவருக்கே இழைக்கும் அநீதி.

குமரி மாவட்டத்துக்கு இதெல்லாம் தெரியும். நவம்பர் 1 அங்கே உள்ளூர் விடுமுறை. நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை விழுகிறது. தமிழ்நாட்டுடன் இணையக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சுட்டது திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்ட பட்டம் தாணுப் பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா நைனி சிறையில் இருந்தபடி, மக்களைச் சுட்ட தம் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்று கோரினார். கட்சிக்குள் பெரும் பிளவுக்கு அது வழி வகுத்தது. வடக்கே நைனி வரை எதிரொலித்த ஒரு தமிழ்ப் போராட்டத்தின் வெற்றி நாள், இன்று ஒரே ஒரு மாவட்டத்தின் விடுமுறையாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் அது சாதாரண வேலை நாள்.

மறந்ததற்கு விலை உண்டு. 2022இல் கேரளம் மாநிலம் முழுவதற்குமான டிஜிட்டல் நில மறுஅளவையைத் தொடங்கியது. தொடங்கிய தேதி நவம்பர் 1. எல்லையோரத் தமிழ்நாட்டு நிலங்கள் அளவையில் சிக்கும் என்ற பதற்றம் தேனி மாவட்டம் வரை பரவியது. நவம்பர் 1ஐ நெஞ்சில் வைத்திருக்கும் மாநிலம் அந்த நாளில் தன் நிலத்தை அளக்கிறது. அதை ஒதுக்கிய மாநிலம் அறிக்கை விட்டுக் கலைகிறது. முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. அந்தத் தாலுகா ஏன் 1956இல் கைக்கு வரவில்லை, மாநில மறுசீரமைப்பை ஆராய்ந்த ஃபசல் அலி ஆணையம் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தது, தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களை நிலையற்ற குடிகளாகக் கருதியது சரியா என்று விவாதிக்க வேண்டிய தலைமுறைக்கு, விவாதிக்கும் நாளே இல்லை. தன் எல்லை வரலாற்றை மறந்த மாநிலம் பேரம் பேசும் மேசையில் வலுவாக நிற்க முடியாது. 

திருத்துவது கடினமல்ல. ஓர் அரசாணை போதும். நவம்பர் 1 தமிழ்நாடு நாளாகட்டும். குமரிக்கு மட்டும் உள்ள விடுமுறை மாநிலம் முழுவதற்கும் ஆகட்டும். மாநில அரசின் உயரிய விருதுகள் அன்று, ஓராண்டு நாகர்கோவிலிலும் மறு ஆண்டு திருத்தணியிலும் வழங்கப்படட்டும். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து மீண்டு வந்த அந்த ஊருக்கு இந்தக் கதையில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. ஜூலை 18ஐச் சட்டமன்றம் பெயர் சூட்டுத் தீர்மான நாளாகத் தன் அவையில் கொண்டாடட்டும். அண்ணாவுக்கு அதில் ஒரு குறையும் வராது. பாடநூலில் நேசமணிக்கும் ம.பொ.சி.க்கும் சங்கரலிங்கனாருக்கும் சேர்த்து ஒரு முழுப் பாடம் வேண்டும். தேவிகுளம், பீர்மேடு இழப்பும் அதில் ஒளிவின்றி இருக்க வேண்டும். அடுத்த நவம்பர் 1க்கு முன்னால் இதைச் செய்யாத எந்தக் கட்சிக்கும் மாநில உரிமை பற்றி மேடையில் பேசும் தகுதி கிடையாது.