மூன்று நாள் பட்டினி யாருக்கு?

புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு இயற்கை வழி ஆர்வலர் ஒருவர் எழுதிய அறிவுரையைப் படித்தேன். கீமோவில் போன எதிர்ப்புச் சக்தியைச் சீந்தில் கஷாயம் மீட்டுவிடுமாம். காய்ச்சல் வந்தால் அது உடம்பு கழிவை வெளியேற்றும் வேலையாம்; மூன்று நாள் பட்டினி கிடந்தால் சரியாகிவிடுமாம். தடுப்பூசிப் பக்கமே போகக் கூடாதாம். மூன்றுமே தப்பு. நடுவில் இருப்பது ஆளைக் கொல்லும்.

கீமோ ஏற்றி ஒரு வாரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் சரியத் தொடங்கும். மைக்ரோலிட்டருக்கு 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது 500-க்கும் கீழே போகலாம். சீழில் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்தான். அவை இல்லாத உடம்பில் புண் சீழ் கட்டாது. நிமோனியா வந்தாலும் சளி வராது, எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். பல நேரம் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை தெர்மாமீட்டர் காட்டும் 100.4 டிகிரி. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பது மருத்துவ விதி. நம் ஆர்வலர் கொடுக்கும் தவணையோ 72 மணி நேரம்! ரத்தத்தில் கிருமி பரவி, பிரஷர் விழுந்து, சிறுநீரகம் நிற்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

'சிகிச்சை முடிந்தவர்களுக்குத்தானே சொன்னேன்' என்று அவர் நழுவலாம். கடைசி கீமோவுக்குப் பிறகும் அந்தச் சரிவு உண்டு, ஐயா. நியூட்ரோஃபில் சில வாரங்களில் ஏறிவிடும். லிம்ஃபோசைட் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்கள் தேற மாதக்கணக்காகும். ரிட்டுக்ஸிமாப் ஏற்றிய லிம்ஃபோமா நோயாளிக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட பி செல்கள் என்னும் லிம்ஃபோசைட்டுகள் இருக்காது. ஈரலில் பதுங்கியிருந்த ஹெபடைடிஸ் பி அப்போது தலைதூக்கலாம். மண்ணீரலை எடுத்தவருக்கு நியூமோகாக்கஸ் ஆபத்து ஆயுளுக்கும் உண்டு. ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர், சின்ன வயதில் போட்ட ஊசிகளையே மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். இத்தனைக்கும் ஒரே கஷாயமா?

அந்தக் கஷாயத்தின் யோக்கியதையும் தெரிந்ததுதான். சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். 2022-ல் நாட்டின் பல மையங்களைச் சேர்ந்த ஈரல் மருத்துவர்கள் 43 பேரைப் பதிவு செய்தார்கள். வேறு செடியாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். இருக்கட்டும், நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் வாங்குகிறவர் எந்தச் செடி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் கால்வாசி உண்மை இருக்கிறது. எம்எம்ஆர், சின்னம்மை போன்ற, உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளைக் கீமோ முடிந்து குறைந்தது மூன்று மாதம் போடக் கூடாது. ஸ்டெம் செல் மாற்று என்றால் இரண்டு வருடம். ஃப்ளூ ஊசியிலும் நியூமோகாக்கஸ் ஊசியிலும் உயிருள்ள கிருமியே கிடையாது. இவர்களுக்கு அவசியம் போட வேண்டியவை அவை. இந்த வித்தியாசம் தெரியாதவர் அறிவுரை சொல்ல வந்திருக்கக் கூடாது.

டாக்டர்கள் எதையும் விளக்காமல் அனுப்பிவிடுகிறார்கள் என்ற அவர் கோபம் நியாயம். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த ஸ்கேன் தேதி இருக்கும், ஊசி விவரம் இருக்காது. அதற்காகச் சண்டை போட்டிருந்தால் நானும் கூட நின்றிருப்பேன்.

இப்போது அவரிடம் ஒரே வேண்டுகோள்: அந்த மூன்று நாள் பட்டினியையாவது பகிரங்கமாக வாபஸ் வாங்குங்கள். உங்களைப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் கீமோ முடிந்து பத்தாம் நாளில் இருக்கக்கூடும்.