திரைக்கு அப்பால் ஓடிய வரி

கிளிநொச்சியில் எம் மாணவி ஒருத்தியின் தமையன், வீட்டுக் கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துக் கணித வினாத்தாளொன்றைப் பெருந்திரையிற் காட்டினான். அவளோ பத்து வினாக்களுக்கும் விடையெழுத முனைந்து களைத்தாள்! நான்கு ஓரங்களும் வெட்டுண்டமையால் தாளின் தலைவரி தெரியவில்லை.

இது பழுதன்று; பழைய வழக்கம். கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளில் மின்னழுத்தம் தாழ்ந்தாற் படம் சுருங்கி ஓரம் கறுக்கும். அதனை மறைக்கவே படத்தைத் திரையினும் சற்றுப் பெரிதாக்கினர். 1982இல் ரூபவாகினி தொடங்கிய காலத்துப் பெட்டிகள் அவ்வகையினவே. குழாய் போயிற்று, வழக்கமோ தட்டைத் திரைகள் பலவற்றிலும் தொற்றி நிற்கின்றது.

கணினியிற் படத்தைச் சுருக்குவோர் உளர், எழுத்து மங்கும். தொலைக்காட்சியின் பட அளவுப் பகுதியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பதைத் தெரிவு செய்க. பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும்.

அவ்வாறு செய்ததும் தலைவரி தோன்றிற்று: ஐந்து வினாக்களுக்கு மட்டும் விடை தருக. தங்கை தமையனை நோக்கிய நோக்கை யான் எழுதேன்.