ரத்தத்தைக் கழுவினா எச்.ஐ.வி. போயிடுமா?

நல்லம்பள்ளி பக்கம் சுவத்துல அப்பப்போ ஒரு நோட்டீஸ் கண்ணுல படும்: ரத்தத்தைச் சுத்தம் செய்து எய்ட்ஸ் கிருமியை வேரோடு அழிக்கும் மூலிகை! சரி, அது வியாபாரம். நம்ம பதிவர்களே இதை 'சித்தர்கள் அன்றே சொன்னது'ன்னு பதிவா போட்டு, கீழ வரிசையா 'நன்றி ஐயா'ன்னு பின்னூட்டம் விழறதுதான் வயித்தெரிச்சல்.

ஐயா, கிருமி ரத்தத்துல மட்டும் நீந்திக்கிட்டு இருந்தாத்தானே கழுவ முடியும்?

எச்.ஐ.வி.க்கு மொத்தமே ஒன்பது ஜீன், மூணு நொதி. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இன்டகிரேஸ், புரோட்டியேஸ். மிச்ச வேலைக்கெல்லாம் நம்ம செல்லோட புரதங்களைத்தான் அது நம்பி இருக்கு. இன்டகிரேஸையே எடுத்துக்குங்க. வைரஸோட டி.என்.ஏ.வை நம்ம டி.என்.ஏ.வுல ஒட்டுற நொதி இது. எங்க ஒட்டணும்னு வழி காட்டறது நம்ம வீட்டு ஆளு, லெட்ஜெஃப் பி75ன்னு ஒரு புரதம். ஒரு கையில இன்டகிரேஸ், இன்னொரு கையில குரோமோசோம். சுறுசுறுப்பா வேலை நடக்கற ஜீனாப் பாத்துக் கூட்டிட்டுப் போகும். ரெண்டுக்கும் இருக்கற இந்த உறவை 2003ல பெல்ஜியத்து லூவன்காரங்க வெளியிட்டாங்க.

ஒட்டினப்புறம் அது உங்க செல்லோட டி.என்.ஏ. செல் ரெண்டானா அதுவும் ரெண்டாகும். சில செல்லுங்க வருஷக்கணக்கா தூங்கும். எந்தக் கஷாயம் அங்க போய்த் துவைக்கும்?

'எதிர்ப்பு சக்தியை ஏத்தினா போதும்'னு இன்னொரு கோஷ்டி. நம்மகிட்ட அபோபெக் 3ஜின்னு ஒரு காவலாளி புரதம் இருக்கு. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நகல் எடுக்கும்போதே எழுத்தை மாத்திக் கெடுத்துடும். வைரஸ் விடுமா? விஃப்னு ஒரு புரதத்தை வச்சு, நம்ம செல்லோட குப்பை அள்ற ஏற்பாட்டையே ஏவி விட்டு அந்தக் காவலாளியைக் காலி பண்ணிடும்.

'இங்கிலீஷ் மருந்து மட்டும் ஒழிச்சிடுதா'ன்னு கேப்பீங்க. ஒழிக்காது. டொலுடெக்ராவிர் இன்டகிரேஸைத் தடுத்து புதுசா ஒட்ட விடாம பண்ணும், ஒட்டினதைப் பிச்சு எடுக்காது. அதனாலதான் தினம் மாத்திரை. ஒழுங்கா சாப்பிட்டா சோதனையிலயே தெரியாத அளவுக்கு வைரஸ் குறையும், உடலுறவு வழியா பரவாது. நிறுத்தினா பெரும்பாலும் சில வாரத்துல திரும்பிடும். 2004 ஏப்ரல்ல இருந்து அரசாங்கம் இலவசமா குடுக்குது, தாம்பரம் ஆஸ்பத்திரி முதல்ல ஆரம்பிச்ச இடங்கள்ல ஒண்ணு. உங்க பதிவைப் படிச்சுட்டு ஒருத்தர் அந்த மாத்திரையை நிறுத்தினா யார் பொறுப்பு?

குணமாக்கும்னு மருந்து சொல்லிக்கக் கூடாத நோய்ப் பட்டியல் ஒண்ணு நம்ம சட்டத்துல இருக்கு, ஜே அட்டவணை. முதல் பேரே எய்ட்ஸ். (அகர வரிசையால வந்த இடம்தான்.)

தமிழ்ப் பெருமைதான் வேணும்னா, 1986ல சென்னை மருத்துவக் கல்லூரியில சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவுலேயே முதல்முறையா எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சாங்களே, அதைப் பத்தி ஒரு பதிவு போடுங்க.

மூலிகைக்காரங்க பின்னூட்டத்துக்கு வரலாம். எந்த மூலிகை, எந்த நொதியைத் தடுக்குது, மனுஷங்ககிட்ட சோதிச்ச முடிவு எங்க இருக்கு, இந்த மூணையும் எழுதுங்க. திட்டு மட்டும்னா பிரசுரிக்க மாட்டேன்.