எட்டு சதவீதத்தோடு நின்ற கணக்கு

கைரல் (வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்களில் ஒன்றை மட்டும் கொண்ட) நுண்துளைப் படிகங்கள் ஆய்வகத்து அலங்காரம்தான், கரைசலில் இயங்கும் வினையூக்கிகளே போதும் என்ற வாதம் வேதியியலாளர் வட்டத்தில் அடிக்கடி எழுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2000-ஆம் ஆண்டின் ஒரு முடிவு. தென்கொரியாவின் போஹாங்கில் கிமூன் கிம் குழு, துத்தநாகத்தையும் டார்டாரிக் அமிலத்திலிருந்து (நம் புளியில் இருக்கும் அதே அமிலம்தான்) பெற்ற மூலக்கூறையும் கோத்து 'போஸ்ட்-1' படிகத்தை உருவாக்கியது. அது ஊக்கிய வினையின் விளைபொருளில் வலக்கை, இடக்கை வடிவங்களுக்கு இடையே கிடைத்த வேறுபாடு சுமார் 8 சதவீதம், அதாவது 54-க்கு 46. குறைவுதான்.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை.

2005-இல் அமெரிக்காவில் வென்பின் லின் குழு, பைனாஃப்தால் வகை மூலக்கூறுகளைக் காட்மியத்தால் இணைத்து, துளைகளுக்குள் டைட்டானியத்தைப் பொருத்தியது. ஆல்டிஹைடுடன் டைஎத்தில் துத்தநாகம் சேரும் வினையில் வேறுபாடு 93 சதவீதத்தைத் தொட்டது. கரைசல் வினையூக்கிக்கு ஏறக்குறைய இணை! துளைக்குள் நுழைய முடியாத பெரிய ஆல்டிஹைடுகள் வினைபுரியவில்லை. வினை படிகத்தின் உள்ளேதான் நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 2014-இல் அதே குழு சிர்கோனியத்தால் கட்டிய நுண்துளைப் படிகச் சட்டகத்தில் ரோடியம் வினையூக்கி, கரைசலில் இருந்ததைப் போல மூன்று மடங்கு வேகமாகச் செயல்பட்டது. காரணம், சட்டகத்தில் பிணைந்த வினையூக்க மையங்கள் ஒன்றையொன்று நெருங்கிச் செயலிழக்க முடியாது.

குறைகள் உண்டு. பல சட்டகங்கள் நீரில் சிதைகின்றன, கைரல் மூலப்பொருள் விலை அதிகம். விமர்சகர்கள் அவற்றைப் பேசட்டும். முதல் முயற்சியின் எண்ணை மட்டும் காட்டித் துறையையே தள்ளுவது நேர்மையான மதிப்பீடு அல்ல.