கடல் காணாத ஊரில் கப்பற்படைக் கச்சை

கம்பம் பள்ளத்தாக்குக்கும் கடலுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. மேற்கே அரபிக் கடலில் போய் விழுந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து 1895-ம் வருஷம் நம் பக்கம் திருப்பினார்கள். அன்று முதல் கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் நமது நெல் வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் பாய்கிறது. கடலை விட்டு நம் பக்கம் வந்தது தண்ணீர் மட்டுமன்று என்பதைச் சென்ற மாதந்தான் அறிந்தோம்.

உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து, எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் நமக்கு ஆள் அனுப்பியிருந்தார். போனோம். திண்ணையில் ஒரு கோணிச் சாக்கை அவிழ்த்து வைத்தார். உள்ளே தோலால் ஆன தோட்டாக் கச்சை ஒன்று. துப்பாக்கி முனையில் செருகும் கத்தியாகிய பயனெட்டு ஒன்று. அவருடைய தகப்பனார் இரண்டாம் உலக யுத்தத்தின்போது கப்பற்படையில் சேர்ந்து, 1946-ல் பம்பாயிலிருந்து ஊர் திரும்பியவராம். கடலைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே காலமானவர். அந்தச் சாக்குக்கு வீட்டில் 'பம்பாய்ச் சாமான்' என்று பெயர்.

பழைய ஆயுதங்களை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்லியிருக்கிறார். அதோடு ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார். "பம்பாய்க் கடற்படைக் கிளர்ச்சியில் வெள்ளையரை எதிர்த்துப் பிடித்த ஆயுதம் என்று படித்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் மூன்று பங்கு விலை தருகிறேன்" என்பதே அது.

"வாத்தியாரய்யா, நீங்கள் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பேத்திக்குக் காலேஜுப் பணம் கட்டவேண்டும்" என்றார் பெரியவர்.

கேட்டது நாலே வரிதான். ஆனால், அதற்கு முன் சாமான்களைச் சற்றுப் பார்க்கிறோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டோம்.

இவ்வகைப் பயனெட்டின் அலகில், பிடிக்கு அருகே, அதன் ஜாதகமே பொறிக்கப்பட்டிருக்கும். கிரீடமும் 1907 என்ற எண்ணும் அதன் மாதிரியைக் குறிப்பவை. செய்த மாதமும் வருஷமும் அடுத்து வரும். இதில் 1917 என்று இருந்தது. பெருக்கல் குறி போன்ற ஓர் அடையாளமும் உண்டு. அலகை வளைத்துப் பார்த்தபோது முறியாமல் நிமிர்ந்தது என்பதற்கு அது சான்று. இந்த மாதிரியின் அலகு முதலில் 17 அங்குல நீளம். இதுவோ அளந்தால் 12 அங்குலந்தான் இருந்தது. "ஒடிந்து போனது" என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைத்தாராம். ஒடியவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தியாவில் நீண்ட அலகுகளை இப்படிக் குறுக்கினார்கள். அலகின் நடுவே ஓடும் பள்ளம் நுனிவரை சென்று முடிவதே அதற்கு அடையாளம்.

ஆகவே அந்த இரும்பு பெரியவரின் கதைக்கு முரணாகவில்லை. ஆனால் அதை நிரூபிக்கவுமில்லை. கச்சையோ இன்னும் குறைவாகவே பேசிற்று. ஐந்து பைகள், பைக்குப் பத்தாக ஐம்பது தோட்டாக்கள், தோளிலிருந்து குறுக்காக அணிவது. இது 1903-ம் வருஷத்து மாதிரி. குதிரை மேல் செல்லும் படையினரும் அணிந்தது. 'கப்பற்படைக் கச்சை' என்று சொல்ல அதில் ஒரு முத்திரையும் இல்லை.

பம்பாயில் நடந்ததோ சாமானியமன்று. 1946 பிப்ரவரி 18-ந் தேதி, 'தல்வார்' என்ற பயிற்சி நிலையத்தில் மோசமான உணவையும் அதிகாரியின் வசைமொழியையும் பொறுக்காத மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது கப்பல் கப்பலாகப் பரவிற்று. 21-ந் தேதி காஸில் பாரக்ஸ் என்னும் படைவீட்டில் இரு தரப்பும் சுட்டுக்கொண்டன. 23-ந் தேதி, சர்தார் படேல் முதலிய தலைவர்களின் சொற்படி மாலுமிகள் பணிந்தார்கள். பலர் வேலை நீக்கப்பட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் பெரியவருக்குச் சொன்னோம். பிறகு, அந்த நாலு வரியை எழுத இயலாதென்றும் சொன்னோம். அவர் முகம் வாடிற்று.

"அப்படியானால் எங்கள் ஐயா அங்கே இல்லையென்கிறீர்களா?"

"இருந்திருக்கலாம், ஐயா. இருந்தாரா என்று இந்த இரும்பு சொல்லாது. அவருடைய படைச் சான்றிதழ் கிடைத்தால் அது சொல்லும். நாம் இன்று ஒரு பொய்யை எழுதி ஒட்டிவிட்டால், நாளை உண்மையான காகிதமே கிடைத்தாலும் அதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்."

பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, எழுதக்கூடியதை எழுதித் தரச் சொன்னார். ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒன்றில் சாமான்கள் சொல்வதையும் மற்றொன்றில் குடும்பத்தார் சொல்வதையும் கலக்காமல் எழுதிக் கொடுத்தோம். வியாபாரி அதைப் படித்துவிட்டு, மறுபடி வரவில்லை. பேத்தியின் பணத்தைப் பெரியவர் கடன் வாங்கிக் கட்டினார். நமது நேர்மைக்கு விலை கொடுத்தவர் அவர் என்பதை நாம் மறக்கவில்லை.

நம் நாட்டில் இத்தகைய சாமான்கள் அருமையாகவே எஞ்சியிருக்கின்றன. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ம் வருஷத்து டிசம்பரில், தென்னாட்டார் ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டுமென்று கும்பெனியார் பிரகடனம் செய்தார்கள். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. மகாத்மா தமது சுயசரிதையில் அதை வன்மையாகக் கண்டித்திருக்கிறார். நமது வளரியைக் காண இன்று எழும்பூர்ப் பொருட்காட்சிசாலை போன்ற இடங்களுக்குப் போகவேண்டியிருக்கிறது. மிஞ்சிய கொஞ்சத்தின் மீதும் கற்பனையைப் பூசிவிட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன?

நேயர்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு சாக்கு இருக்கலாம். அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், முத்திரைகள் அழிந்துபோகும். தோலை வெயிலில் காயவைக்க வேண்டாம், வெடித்துவிடும். இன்றைய ஆயுத விதிகள் பயனெட்டைப் பெயர் சொல்லியே ஆயுதங்களின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. ஆகவே காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம். நூறு வருஷத்துக்குக் குறையாத சரித்திரப் பொருள்களை உரிமம் பெற்றவரே வியாபாரம் செய்யலாம், தனிப்பட்டவர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது 1972-ம் வருஷத்துச் சட்டம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள்.

சென்ற வாரம் பெரியவர் மீண்டும் ஆள் அனுப்பியிருந்தார். தகப்பனாரின் படைச் சான்றிதழைத் தேடி எங்கே எழுதுவது, எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். கடிதம் எழுதப் போவது அந்தப் பேத்திதானாம்.